போர்ட்டிக்சன் கடலில் ஒரு ஞாயிறு: டிரையத்லான் பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு

போர்ட்டிக்சன் என்றாலே நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது பாய், ஐஸ் பெட்டி, ஒரு பெரிய சட்டி கோழிக் கறி. தோட்டத்தில் வளர்ந்த மூத்த தலைமுறைக்கு அது ஆண்டுக்கொரு முறை லோரி ஏறிப் போய்ப் பார்த்த கடல். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அது கோலாலம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேர டிரைவ். எந்தத் தலைமுறையாக இருந்தாலும் கடலில் நாம் செய்வது ஒன்றுதான். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்போம், அலை வந்தால் கத்துவோம், பசித்ததும் கரையேறிவிடுவோம்.

அதே கடற்கரையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு கூட்டத்தைப் பார்க்கலாம். நம் நாட்டில் விடிவதற்கு ஏழு மணிக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே, இருட்டில், தலையில் இரப்பர் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் மணலில் நிற்பார்கள். கையிலும் தொடையிலும் எண் எழுதியிருக்கும், கணுக்காலில் ஒரு பட்டை கட்டியிருக்கும். அவர்கள்தான் டிரையத்லான் போட்டியாளர்கள். முதலில் கடலில் நீந்த வேண்டும். கரையேறிய கையோடு சைக்கிள் ஓட்ட வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். இடையில் கடிகாரம் நிற்காது, ஈர உடையை மாற்றுவதற்கான நேரமும் கணக்கில் சேரும்.

இந்த முறை அந்தக் கூட்டத்தில் என் அண்ணனும் இருந்தார். வயது 36, தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அவருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே தெரியாது. அதனால் வழக்கமான கடற்கரைப் பயணமாகக் கிளம்பிய எங்கள் வார இறுதியில் இந்தப் போட்டியும் சேர்ந்துகொண்டது. பார்க்கப் போகிற குடும்பங்களுக்கும், ஒரு நாள் இறங்கிப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது எங்கள் செய்தி மேசையில் பழைய சிக்கல். ஒரு முறை நான் 'மும்முனைப் போட்டி' என்று தலைப்பிட்டேன். படித்தவர்கள் இடைத்தேர்தல் செய்தி என்று நினைத்துவிட்டார்கள். 'நெடுமுப்போட்டி' என்றொரு நல்ல சொல் இருக்கிறது, ஆனால் போட்டியில் ஓடுகிறவர்களே 'டிரையத்லான்' என்றுதான் சொல்கிறார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

விளையாட்டு ஒன்றும் பழமையானதல்ல. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஓட்டக்காரர்களின் சங்கம் ஒன்று வழக்கமான பயிற்சி சலிப்புத் தட்டாமல் இருப்பதற்காக 1974 செப்டம்பர் 25ஆம் தேதி நடத்திய போட்டிதான் இன்றைய டிரையத்லானின் தொடக்கம். நான்கு ஆண்டுகள் கழித்து 1978இல் ஹவாயில் முதல் 'அயர்ன்மேன்' நடந்தது. 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதே ஆண்டில் லங்காவியில் அயர்ன்மேன் போட்டி வந்தது. 2017இல் நம் நாட்டில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின்போது புத்ராஜெயாவிலும் டிரையத்லான் நடந்தது.

எல்லா டிரையத்லானும் அயர்ன்மேன் அல்ல. இந்தக் குழப்பம் நம்மவர்களிடையே நிறைய இருக்கிறது. அயர்ன்மேன் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். விடியற்காலையில் தொடங்கி நள்ளிரவு வரைக்கும் போகும். ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் சரிபாதி 'ஸ்பிரிண்ட்': 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். அண்ணன் இறங்கியது இந்தச் சிறிய தூரத்தில்தான். சிறியது என்று சொல்லிவிட்டேன், ஆனால் 50 மீட்டர் நீச்சல் குளத்தில் பதினைந்து முறை கரை தொட வேண்டும். ஒலிம்பிக் தூரத்தின் சைக்கிள் பகுதியை நம் கணக்கில் சொன்னால், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வந்து சேர்ந்த பிறகும் இன்னும் சில கிலோமீட்டர் மிதிக்க மிச்சம் இருக்கும்.

சனிக்கிழமை வேலைகள்

போட்டி ஞாயிறு என்றாலும் வேலை சனிக்கிழமையே தொடங்கிவிடும். போட்டியாளர் நேரில் போய் எண், தொப்பி, கணுக்கால் பட்டை ஆகியவற்றை வாங்க வேண்டும். அந்தப் பட்டையில் இருக்கும் சில்லுதான் அவர் எந்தக் கட்டத்தை எத்தனை மணிக்குக் கடந்தார் என்று பதிவு செய்கிறது. தொப்பியின் நிறத்தைக் கொண்டு யார் எந்த அணியில் கடலில் இறங்குகிறார் என்பது தெரியும். தூரத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் தலைகளில் உங்கள் ஆளைத் தேட அந்த நிறம் ஒன்றுதான் வழி. மறக்காமல் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பல போட்டிகளில் சைக்கிளையும் முதல் நாளே கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தும் இடத்துக்கு இடைமாற்றுப் பகுதி என்று பெயர். பிரேக் சரியாகப் பிடிக்கிறதா, தலைக்கவசம் உடையாமல் இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். போட்டியாளர் தவிர வேறு யாரும் உள்ளே போக முடியாது. அம்மா கேட்டார், "சைக்கிள ராத்திரி பூரா இங்கயா விட்டுட்டு வர்ற? திருடிட்டுப் போனா?" காவலர் இருக்கிறார்கள் என்று சொன்னபோதும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. சுற்றிலும் நின்ற சில சைக்கிள்களின் விலையை அண்ணன் சொன்னதும் அம்மா சமாதானமானார். "அப்ப உன்னோடத எவன் எடுப்பான்."

குடும்பங்களுக்கு முக்கியமான சங்கதி சாலை. கடற்கரை ஓரமாகப் போகும் சாலைதான் சைக்கிள் பாதையாகவும் இருக்கும். ஞாயிறு காலை அதை மூடிவிடுவார்கள், அல்லது ஒரு பக்கம் மட்டும் விடுவார்கள். காலையில் கிளம்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நெரிசலில் மாட்டிக்கொண்டு முடிவுக் கோட்டைக்கூடப் பார்க்க முடியாது. முதல் நாளே வந்து நடந்து போகும் தூரத்தில் தங்குவதுதான் நல்லது.

சனிக்கிழமை மதியம் நேரம் இருந்தால் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்கு ஏறிப் போகலாம். போர்த்துகீசியர் காலத்தில் எழுந்த இடம் அது. நெகிரி செம்பிலானுக்கு நடுவே இருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். மார்ச் மாதத்தில் வந்தால் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் பருந்துகளைப் பார்க்கலாம். போட்டியாளரை மட்டும் ஏறவிடாதீர்கள், அவருக்குக் கால் வேண்டும். இரவு அவருக்கு பிரியாணியும் வேண்டாம். எங்கள் வீட்டில் அண்ணி ஏழு மணிக்கே சோறும் இலேசான மீன் குழம்பும் போட்டுவிட்டு, கோழியை ஞாயிறு மதியத்துக்கு என்று எடுத்து வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மழை வருவதுபோல இருந்தது. மழைக்கு முந்திய காற்று கரைப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசியது. எங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்த ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள் காற்றடைத்த மெத்தை ஒன்றில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் முன்பு இடுப்பளவு தண்ணீரில் இருந்த மெத்தை, திரும்பிப் பார்க்கும்போது எங்கோ போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் பயப்படவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தகப்பனார் சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். மார்பு வரைக்கும் போனார். அதற்கு மேல் அவரால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பனானா படகு ஓட்டும் மலாய் இளைஞர் ஒருவர் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தத் தகப்பனார் மணலில் உட்கார்ந்து அண்ணனிடம் சொன்னார், "எனக்கு நீச்சல் தெரியாது தம்பி. சின்ன வயசுல இருந்து இங்க வர்றோம். ஒரு தடவகூட அத நெனச்சுப் பார்த்ததில்ல."

அன்று இரவு அம்மா அதிகம் பேசவில்லை.

கடல் வேறு, குளம் வேறு

எங்கள் அம்மாவுக்குத் தம்பி ஒருவர் இருந்தார். தோட்டத்துக்கு அடுத்து இருந்த பழைய ஈயக்குட்டையில் பன்னிரண்டு வயதில் மூழ்கி இறந்தார். அதற்குப் பிறகு பாட்டி போட்ட சட்டம், வீட்டில் எவரும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்பது. அம்மா அதைக் கடைப்பிடித்தார், எங்களுக்கும் அதே சட்டம்தான். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல என்பது இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்தது. தோட்டப்புறங்களில் ஆறு, குட்டை, வாய்க்கால் என்று ஏதோ ஒன்றில் ஓர் உயிரைக் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். துக்கத்தில் பிறந்த கட்டளையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், பயம் தலைமுறை தாண்டி வந்தது, நீச்சல் வரவில்லை. பள்ளி விடுமுறை வந்தால் கடலுக்கும் அருவிக்கும் நாம் போகாமலும் இல்லை.

அண்ணன் 34 வயதில் நகராண்மைக் கழக நீச்சல் குளத்தில் சேர்ந்தார். முதல் இரண்டு வாரம் முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை வெளியே விடுவது மட்டும்தான் பாடம். பக்கத்து வரிசையில் எட்டு வயதுப் பிள்ளைகள் அதையே செய்துகொண்டிருந்தார்கள் என்று அவர் சொல்லிச் சிரிப்பார். ஆறு மாதத்தில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தினார். ஒரு வருடத்தில் 750 மீட்டர். அதன் பிறகுதான் கடல்.

குளத்தில் நீந்தத் தெரிந்தவருக்குக் கடலில் ஏன் தடுமாற்றம் வருகிறது? குளத்தின் அடியில் ஒரு கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நேராகப் போகலாம். போர்ட்டிக்சன் கடலில் கையை நீட்டினால் விரல் தெரியாது. அதனால் சில வீச்சுகளுக்கு ஒரு முறை தலையை முன்பக்கம் தூக்கி மிதவை எங்கே என்று பார்த்துத் திசையைச் சரி செய்ய வேண்டும். அலை ஒரு பக்கமிருந்து வந்தால் அந்தப் பக்கம் மூச்சு இழுக்க முடியாது, மறு பக்கம் இழுக்கப் பழகியிருக்க வேண்டும். சுற்றி நூறு பேர் கை கால் வீசுவார்கள். உதை விழும், கண்ணாடி கழன்று போகும். களைத்தால் பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது. குளிர் நாடுகளில் போட்டியாளர்கள் அணியும் தடித்த இரப்பர் உடை உடம்பை மிதக்க வைக்கும். நம் கடல் நீர் ஏறக்குறைய 30 டிகிரி வெப்பத்தில் இருப்பதால் இங்கே அதை அணிய விதி இடம் தருவதில்லை. உங்கள் நீச்சல் ஒன்றுதான் உங்களை மிதக்க வைக்கும்.

இந்தப் போட்டியில் ஆபத்தான பகுதி எது என்று கேட்டால் பலர் சைக்கிள் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 2006 ஜனவரி முதல் 2008 செப்டம்பர் வரை அங்கீகாரம் பெற்ற டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்த ஒரு மருத்துவ ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான பங்கேற்புகளில் 14 மரணங்கள். அவற்றில் 13 நீச்சலின்போது நிகழ்ந்தவை. எண்ணிக்கை மிகக் குறைவுதான், ஆனால் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பதற்றம், நெரிசல், தொடங்கிய உடனே எகிறும் இதயத் துடிப்பு இவையெல்லாம் சேரும்போது, வெளியே தெரியாமல் இருந்த இதயக் கோளாறு தண்ணீருக்குள் தலைகாட்டலாம். ஓடும்போது மயங்கினால் சாலையில் விழுவோம், யாராவது தூக்குவார்கள். நீருக்குள் அப்படி இல்லை.

அதனால் நாற்பதை நெருங்கும் நம்மவர்கள் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரிய வந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பரிசோதனை செய்யாமலே 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. அண்ணனுக்கும் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று ஒரு மருத்துவ முகாமில் சொன்ன பிறகுதான் இந்த ஓட்டம், நீச்சல் எல்லாம் தொடங்கியது.

போட்டியில் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. நீச்சல் பாதை நெடுகிலும் கயாக் படகுகளில் காவலர்கள் இருப்பார்கள். முடியவில்லை என்றால் ஒரு கையைத் தூக்கினால் போதும், வருவார்கள். பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுத்தால் போட்டியிலிருந்து நீக்க மாட்டார்கள். படகு உங்களை முன்னே இழுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான். மூச்சு சீரானதும் கையை விட்டுவிட்டுத் தொடரலாம். இதைத் தெரிந்துவைத்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

அண்ணன் அதைத்தான் செய்தார். முதல் மிதவைக்கு முன்பே யாரோ ஒருவரின் கை முகத்தில் பட்டு, உப்புத் தண்ணீர் குடித்து, மூச்சு சிக்கிவிட்டது. கையைத் தூக்கினார். படகில் இருந்த பெண் "பிடிச்சுக்குங்க, அவசரமில்ல" என்று மலாயில் சொன்னாராம். ஒரு நிமிடம் போலப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி நீந்தியிருக்கிறார். கரையில் நின்ற எங்களுக்கு இது எதுவும் தெரியாது. அம்மா மட்டும் பச்சைத் தொப்பிகளை எண்ணிக்கொண்டே இருந்தார். கடலிலிருந்து வெளியே வந்தவர்களில் நான்காவது, பத்தாவது, இருபதாவது என்று எண்ணி, அண்ணன் வரவில்லை என்றதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் எழுந்து வந்தபோது அம்மா கைதட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சைக்கிளும் ஓட்டமும்

சைக்கிள் பகுதியில் பார்ப்பவர்களுக்கு வேலை குறைவு. விர்ரென்று ஒரு முறை கடந்து போவார்கள், அவ்வளவுதான். விதிகளில் இரண்டைச் சொல்லலாம். தலைக்கவசத்தை மாட்டி வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடவே வேண்டும். அவசரத்தில் மாற்றிச் செய்தால் தண்டனை நேரம் கிடைக்கும். பல போட்டிகளில் முன்னே போகிறவரின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு போகக் கூடாது, பெரும்பாலும் 10 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஏனென்றால் முன்னவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின்னவருக்கு உழைப்பு மிச்சமாகிறது. விலையுயர்ந்த சைக்கிள் கட்டாயமில்லை. அண்ணன் ஓட்டியது நண்பரிடம் இரவல் வாங்கியது, டயர் மட்டும் புதிது.

ஓட்டம்தான் கரையில் நிற்பவர்களுக்கு விருந்து. சைக்கிளை விட்டு இறங்கிய முதல் சில நிமிடங்களுக்குக் கால் தன்னுடையது மாதிரியே இருக்காது, மரக்கட்டையை ஊன்றி ஓடுவது போல இருக்கும். மிதித்தே பழகிவிட்ட தசைகளை உடனே ஓடச் சொல்கிறோம் இல்லையா. அதற்குள் மணி ஒன்பது ஆகிவிடும், வெயில் ஏறிவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இந்த நேரத்தில் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது, மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் இரத்தத்தில் இருக்கும் உப்பும் நீர்த்துவிடும். தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வரும். தண்ணீர் மேசைகளில் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் வைத்திருப்பது அதற்காகத்தான்.

இங்கேதான் எங்கள் அம்மா ஒரு சிக்கலை உண்டாக்கப் பார்த்தார். ஃபிளாஸ்கில் மிலோ கலக்கி வைத்திருந்தார். ஓடுபாதை ஓரத்தில் நின்றுகொண்டு, அண்ணன் வரும்போது நீட்டுவதாகத் திட்டம். வெளியாள் உதவி கூடாது என்பது டிரையத்லான் விதி. அதிகாரப்பூர்வ மேசைகளில் இருப்பதைத்தான் எடுக்கலாம். குடும்பத்தார் பானம் நீட்டினாலும், கூடவே ஓடினாலும் தண்டனை போட்டியாளருக்குத்தான். பக்கத்தில் நின்ற தொண்டூழியர் பணிவாகச் சொன்னார், "ஆன்ட்டி, கொடுக்காதீங்க, அண்ணனுக்குப் பிரச்சினை ஆயிடும்." அம்மாவுக்குக் கோபம். "பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் மிலோ கொடுக்கக்கூட பெர்மிட் எடுக்கணுமா?" என்று கேட்டார். ஃபிளாஸ்க் முடிவுக் கோட்டுக்கு அப்பால் போய்க் காத்திருந்தது. அங்கே கொடுத்தால் தடையில்லை.

அண்ணன் கடைசி வரிசைகளில்தான் வந்தார். நேரத்தை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாம் குளிக்கும்போது

போட்டி முடிந்ததும் தடுப்புகளை எடுத்துவிடுவார்கள், கயாக் படகுகளும் போய்விடும். அதே தண்ணீரில் பதினொரு மணிக்குக் குடும்பங்கள் இறங்குகின்றன. யோசித்துப் பார்த்தால் விநோதம்தான். ஆண்டுக்கணக்கில் நீந்திப் பழகியவர்களுக்கு அத்தனை காவலர்கள். நீச்சலே தெரியாத நாம் இறங்கும்போது பார்த்துக்கொள்ள நாம்தான் இருக்கிறோம்.

போர்ட்டிக்சன் கடல் அமைதியாகத் தெரியும், அதுவே ஏமாற்றும். ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். காலையில் நடந்து போன மணல் திட்டு மதியம் கழுத்தளவு ஆகியிருக்கலாம். நீர் இறங்கும்போது மிதப்பவற்றை வெளியே இழுக்கும். காற்றடைத்த மெத்தை, வளையம் எல்லாம் விளையாட்டுப் பொருள், உயிர்காப்புச் சாதனம் அல்ல. சிவப்புக் கொடி இருந்தால் இறங்கவே வேண்டாம்.

மூழ்குகிறவர்கள் சினிமாவில் வருவதுபோலக் கத்திக் கையை ஆட்டுவதில்லை. மூச்சுக்கே போராடும் வாயிலிருந்து சத்தம் வராது. வாய் நீர் மட்டத்தில் இருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், ஏணி ஏறுவது போலக் கைகள் தண்ணீரை அமுக்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். எனவே பிள்ளைகள் நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைப்பேசியை வைத்துவிட்டுக் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தோம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். முறை போட்டு ஒருவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

யாராவது தத்தளித்தால் நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர், மூவர் இறந்த செய்திகளை நானே எழுதியிருக்கிறேன். எழுதக் கை வராத செய்திகள் அவை. மிதக்கும் எதையாவது தூக்கிப் போடுங்கள். நம்மிடம் அதற்குப் பஞ்சமே இல்லை. மூடி இறுக்கிய ஐஸ் பெட்டி நன்றாக மிதக்கும். காலியான ஐந்து லிட்டர் தண்ணீர் போத்தல், பந்து, எதுவானாலும் சரி. பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தால் ஆள் மிதப்பார், அதற்குள் படகுக்காரரைக் கூப்பிடலாம், 999க்கு அழைக்கலாம். எட்டும் தூரம் என்றால் கழியையோ துண்டையோ நீட்டி, நீங்கள் படுத்துக்கொண்டு இழுங்கள். நின்றால் உங்களையும் இழுத்துவிடும். சேலை, ஜீன்ஸ் போன்றவை நனைந்தால் கால்களைக் கட்டிப் போட்டது போல ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டிரையத்லானில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. மூன்றையும் ஒருவரே செய்ய வேண்டியதில்லை. பல போட்டிகளில் அஞ்சல் பிரிவு உண்டு. ஒருவர் நீந்துவார், ஒருவர் சைக்கிள் ஓட்டுவார், ஒருவர் ஓடுவார், கணுக்கால் பட்டையைக் கைமாற்றிக்கொள்வார்கள். தமிழ்ப்பள்ளித் திடல்களில் ஓடிப் பதக்கம் வாங்கிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்ட அக்காமார்கள் நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நீச்சலுக்கு மட்டும் ஆள் தேட வேண்டியிருக்கும், அதுதான் நம் நிலைமை.

ஊராட்சி மன்ற நீச்சல் குளங்களில் நுழைவுக் கட்டணம் சில ரிங்கிட்தான். பெரியவர்களுக்கான வகுப்புகளும் பல இடங்களில் நடக்கின்றன. உடம்பை மூடும் நீச்சல் உடை அணிந்து பெண்கள் தாராளமாகக் கற்றுக்கொள்கிறார்கள். பருத்தி டீ-சட்டை மட்டும் ஆகாது. வெட்கம் முதல் வாரத்தோடு போய்விடும் என்கிறார் அண்ணன்.

மதியம் கோழிக் கறியோடு சாப்பிட்டு முடித்த பிறகு, அண்ணன் பிள்ளைகளை முழங்கால் அளவு தண்ணீரில் வைத்து மிதக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா பாயிலிருந்து எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். அலை வந்து கணுக்காலை நனைத்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் குளத்துல என் வயசு ஆளுங்களுக்கும் சொல்லித் தர்றாங்களாடா?" என்று கேட்டார். புதன்கிழமை காலையில் மூத்தோருக்கு ஒரு வகுப்பு இருக்கிறதாம். உடை எந்தக் கடையில் கிடைக்கும் என்று அண்ணி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.